வேனிலுக்குச் சலிப்பதே இல்லை

சிறுமி வேனில் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பதினோராம் நாள், எதிர்வீட்டு நாச்சிமுத்து டிரான்ஸ்ஃபார்மர்களைப் பற்றி ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். யாரும் எழுந்து ஓடவில்லை.

இது சாதாரண விஷயமில்லை. மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்துவைக் கண்டால், கோவையின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்த நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஒலிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். லிஃப்டில் அவர் நின்றால் ஐந்து மாடியும் படியேறுவார்கள். அவர் மனைவி சிவகாமிகூட, அவர் "பதினோரு கேவி லைன்ல..." என்று ஆரம்பித்ததும் குழம்பு தீயுது என்று உள்ளே போய்விடுவார். அடுப்பே பற்றவைக்காத நேரத்திலும் அந்த வீட்டில் குழம்பு தீய்ந்துகொண்டுதான் இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் முன்னால் எட்டு வயது இளவேனில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அதுக்குள்ள எண்ணெய எதுக்குங்க மாமா ஊத்தறாங்க?" என்று கேட்டாள். அவரிடம் இரண்டாவது கேள்வி என்று ஒன்றை அதுவரை யாரும் கேட்டதில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேனிலின் அம்மா கோகிலவாணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மருந்து வேலை செய்கிறது.

பள்ளிக்கூடப் பெஞ்சுக்கெல்லாம் அறிவு வந்துவிட்ட காலம் அது. எந்தப் பிள்ளை எத்தனை தடவை எழுந்தது, எத்தனை தடவை நெளிந்தது என்று பெஞ்சே கணக்கெடுத்து, சாயங்காலம் பெற்றோரின் ஃபோனுக்கு அனுப்பிவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து என்று வரும். வேனிலுக்கு ஒரு நாள் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. "பெஞ்சு ரிப்பேரா இருக்கும்" என்றான் அப்பா தரணிதரன். பெஞ்சை மாற்றிப் பார்த்தார்கள். நூற்று முப்பது வந்தது. தலைமையாசிரியை இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மிகவும் மரியாதையாக, "அடுத்த வருஷத்துக்கு வேற ஸ்கூல் எதுவும் பாத்து வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பின் சீட்டில் வேனில் கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தாள்.

அப்புறம்தான் டாக்டர் எஸ்தரிடம் போனார்கள்.

"நம்ம எல்லார் மூளையிலயும் ஒரு மணி இருக்குங்க, ஸ்கூல் மணி மாதிரி" என்றார் டாக்டர். "இதைப் பாத்தாச்சு, தெரிஞ்சுபோச்சு, போதும், அடுத்ததுக்குப் போன்னு அது அடிக்கும். அதுக்குப் பேருதான் சலிப்பு. பாப்பாவுக்கு அது ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா அடிக்குது. பாவம், அவ என்ன பண்ணுவா? நிதானெக்ஸ்னு ஒரு புது மாத்திரை வந்திருக்கு. அந்த மணிச் சத்தத்தைக் கொறைக்கும்."

"ஒரேயடியா அடிக்காமப் போயிராதுங்களே?" என்று கேட்டான் தரணி.

"இதுவரைக்கும் அப்படி யாரும் சொல்லலைங்க." டாக்டர் சிரித்தார். "எனக்குச் சலிப்பே வரமாட்டேங்குதுன்னு யாராச்சும் டாக்டர்கிட்ட வந்து நிப்பாங்களா, சொல்லுங்க?"

அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கோகிலா பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

நாச்சிமுத்துவின் வாய் சும்மா இருக்குமா? மறுநாளே விஷயம் லிஃப்ட் ஏறி இறங்கிவிட்டது. சி பிளாக்கில் ஒரு குழந்தை இருக்கிறது, என்ன சொன்னாலும் கேட்கிறது, கொட்டாவி விடுவதில்லை, ஃபோனைப் பார்ப்பதில்லை, 'அப்புறம்?' என்று வேறு கேட்கிறது! மூன்றாம் மாடிக்காரர் தன் முதுகுத்தண்டின் எக்ஸ்ரே படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். பி பிளாக் அம்மா ஒருவர், தன் நாத்தனார் தன்னைப் பதினெட்டு வருஷம் முன்பு ஒரு சீமந்தத்தில் பேசிய பேச்சை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, மறுநாள் வந்து விட்டுப்போனதையும் சொன்னார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் குப்புராஜ் வேனிலைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய் மகளின் கல்யாண வீடியோவைப் போட்டார். நாலு மணி இருபது நிமிட வீடியோ. சம்பந்தி வீட்டாரே மாலை மாற்றுவதோடு எழுந்துவிட்ட வீடியோ. வேனில் முழுவதும் பார்த்துவிட்டு, "அந்தப் பந்தி பரிமாற எடத்தை இன்னொருக்கா போடறீங்களா மாமா?" என்றாள். குப்புராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டார்.

கூட்டம் அதிகமாகிவிட்டதால் லிஃப்டுக்குள் அறிவிப்பும் ஒட்டினார்.

'சி-5 செல்வி இளவேனிலிடம் பேச விரும்புவோர் மாலை ஐந்து முதல் ஆறரை வரை மட்டுமே பேசவும். ஒருவருக்கு இருபது நிமிடம். தண்ணீர்த் தொட்டி பற்றிய புகார்களைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம். இப்படிக்கு, செயலாளர்.'

அந்த விதியை முதலில் மீறியவர் செயலாளர்தான்.

கோகிலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெஞ்சிலிருந்து தினமும் பூஜ்யம் வந்தது. தலைமையாசிரியை, வேறு பள்ளி பார்க்கச் சொன்ன அதே தலைமையாசிரியை, காலைக் கூட்டத்தில் வேனிலுக்கு 'சிறந்த அமர்வு' என்று சான்றிதழ் கொடுத்தார். கோகிலாவுக்கு ஒரு பம்புசெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. மோட்டார் ஓடவில்லை, மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, மோட்டார் புகைகிறது என்று காலையிலிருந்து மாலை வரை காதில் வாங்குகிறவள் அவள். "எம்பொண்ணை இந்த நாற்காலியில உக்கார வெச்சா நம்ம எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுருவா" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிக்கொண்டாள்.

கண்ணை உறுத்த வேண்டிய சில விஷயங்களும் இருந்தன. வேனில் வாஷிங் மெஷின் முன் உட்கார்ந்து, துணி சுற்றுவதை முழுவதும் பார்த்தாள். பி பிளாக்கிலிருந்து தோழி ஸஹானா சைக்கிளோடு வந்து கீழிருந்து கூப்பிடுவாள். வேனில் யாராவது ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஸஹானா பத்து நிமிடம் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பெருமையில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. கோகிலாவுக்கும் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் நாச்சிமுத்து செத்துப்போனார்.

மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஃபோனைக் காதில் வைத்து ஓடிய நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் வந்து தலைகுனிந்து நின்றார்கள். வேனில் அழுதாள். 'மாமா இன்னும் சப்ஸ்டேஷன் பத்திச் சொல்லவே இல்லை' என்று அழுதாள்.

எடுத்த பிறகு துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். துக்க வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் உட்கார்ந்ததும், எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர்கள் எழுந்து போனதும் அடுத்தவர்கள் வருவார்கள், மறுபடி முதலிலிருந்து. சொல்லிச் சொல்லித்தான் அது உண்மை என்று சொல்கிறவருக்கே உறைக்கும் போலிருக்கிறது. கேட்கிறவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாத் தடவையும் கேட்க யாராலும் முடியாது. அதனால்தான் சொந்தக்காரர்கள் அடுக்களைக்கும் பால்கனிக்குமாகக் கலைந்து போய்விடுகிறார்கள்.

வேனில் கலைந்து போகவில்லை. பள்ளி விட்டதும் நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சிவகாமியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாமாமேல் பாசமாக இருந்த பிள்ளை, அத்தைக்கும் ஒரு துணையாச்சு என்று கோகிலா விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் மாலை வேலை முடிந்து வந்து, துக்க வீட்டுக்கென்று ஃபிளாஸ்க்கில் பால் எடுத்துக்கொண்டு போனவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தில் பொள்ளாச்சியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவகாமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பேசிக்கொண்டிருந்தது வேனில்.

"அத்தைக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க, அதனால நான் சொல்றனுங்க" என்று தொடங்கி, சிவகாமியின் குரல் எங்கே ஏறுமோ அங்கே ஏறி, எங்கே உடையுமோ அங்கே உடைந்து, சேலைத் தலைப்பு இல்லாத கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "விடியால அஞ்சரைக்கு எந்திரிச்சாருங்க. பல்லு வெளக்கினாரு. காபி குடுன்னாரு. சக்கரை தூக்கலாப் போடுன்னாரு. குடுத்தனுங்க. டம்ளரைக் கையில வாங்கினவரு மேல பாத்து, சிவகாமி, இந்த ஃபேன் ஏன் இப்படிச் சத்தம் போடுதுன்னாரு. அவ்வளவுதானுங்க. டம்ளர் இந்தப் பக்கம் உருளுது, அவரு அந்தப் பக்கம் சாயறாரு. நான் அப்படியே உக்காந்துட்டனுங்க. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுங்க, ஓடிப்போய்ப் புடிக்கத் தோணலைங்க எனக்கு..."

பெரியவர் ஒருவர், தான் கேட்டுக்கொண்டிருப்பது எட்டு வயதுக் குழந்தையிடம் என்பதை மறந்து, "மனசைத் தேத்திக்கோங்க" என்றார்.

ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்பதால் யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

"எத்தனை தடவை கேட்ட கண்ணு இதை?"

"அம்பத்தி ஒண்ணும்மா."

"போதும்னு எந்திரிச்சு வர வேண்டியதுதான?"

வேனில் யோசித்தாள். "போதும்னு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை தரணி காபி டம்ளரோடு உட்கார்ந்தபோது, வேனில் ஓடிவந்து ஃபேனை அணைத்தாள். சக்கரை டப்பாவை எடுத்து மறைத்தாள். பிறகு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் கடைசி மடக்கு விழுங்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. தரணி எதையும் சக்கரை தூக்கலாகக் கேட்கிறவன். சக்கரையில்லாத காபியை வேர்க்க வேர்க்கக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "பாரு, அப்பா நல்லாத்தான் இருக்கேன்" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

டாக்டர் எஸ்தர் இம்முறை சிரிக்கவில்லை. "மணி சுத்தமா நின்னுபோச்சுங்க" என்றார். "பெரியவங்க ஒரு துக்கத்தைக் கேட்டா, கொஞ்ச நேரத்துல மனசு தானா அங்கிருந்து நகந்துரும். அப்படி நகரலைன்னா நாம யாரும் பொழைச்சிருக்க மாட்டோம். இவளுக்கு நகர வழியில்ல. வந்து கொட்டறவங்க எல்லாத்தையும் கொட்டிட்டு லேசாப் போயிடறாங்க. இவ சொமந்துட்டு நிக்கிறா."

"மருந்தை நிறுத்திரலாமுங்களா?"

"சட்டுனு நிறுத்தக் கூடாது. அரை மாத்திரையாக்குங்க. நாளைக் காலையிலிருந்தே. பத்து நாள்ல மணி மெதுவா அடிக்க ஆரம்பிக்கும். ஆனா ஒண்ணு, பெஞ்சுல மறுபடியும் எண்ணிக்கை ஏறும். அம்பது, அறுபது வரலாம். ஸ்கூலுக்கு நான் கடுதாசி தர்றேன். நீங்க தயாரா இருந்துக்கோங்க."

அதுவரை பேசாமல் இருந்த வேனில், "நீங்க எதுக்குங்க டாக்டருக்குப் படிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நானா? எனக்கு டாக்டராகணும்னு ஆசையே இல்ல கண்ணு" என்று ஆரம்பித்தார் எஸ்தர். அவருக்கு வரைய வேண்டும் என்று ஆசையாம். அப்பா பிரஷ்களை எடுத்துப் பரணில் போட்டாராம். ஹாஸ்டலில் எலும்புக்கூட்டுக்கு நிழல் அடித்து வரைந்து திட்டு வாங்கினாராம். நர்ஸ் மூன்று முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். இருபத்தைந்து நிமிடம் கழித்து டாக்டர் திடுக்கிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தீங்களா?" என்றார் கோகிலாவிடம், வெட்கத்தோடு. "தெரிஞ்ச எனக்கே இப்படி. நாளைக்கே வெட்டிருங்க."

கோகிலா நாளைக்கு வெட்டவில்லை.

வெட்டத்தான் நினைத்தாள். காலையில் மாத்திரையைப் பலகைமேல் வைத்துக் கத்தியையும் எடுத்தாள். பக்கத்தில் வேனில் நின்று, 'அம்மா இப்போது என்ன செய்யப்போகிறாள்' என்று அப்படியொரு ஆவலோடு பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அம்மாவை நின்று பார்த்ததில்லை. ஊரெல்லாம் வந்து பேசிவிட்டுப் போயிற்று. முதுகுத்தண்டு பேசியது, நாத்தனார் சண்டை பேசியது, டாக்டரே பேசினார். பெற்றவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள், என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். முழு மாத்திரையையே கொடுத்தாள். நினைக்கவே அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் கொடுத்தாள்.

"வெட்டிட்டியா?" என்று தரணி கேட்டான்.

"கத்தி மொக்கையா இருக்குங்க. சாணை புடிக்கோணும்."

அன்று மாலை வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, மொச்சைக்காயை உரித்தபடி கோகிலா ஆரம்பித்தாள். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அவள் கோ-கோ ஆடியவள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி சேலத்தில். போகிற வழியில் பெருந்துறை தாண்டி பஸ் பஞ்சர். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இல்லாவிட்டால் அவள் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பாள். பதினாறு வருஷமாக வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் முழுதாக யாரும் கேட்டதில்லை. தரணி 'காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்' என்ற இடத்தில் தூங்கிவிடுவான்.

வேனில் தூங்கவில்லை. ஷூ என்ன நிறம், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தது, எலுமிச்சை சாதத்தில் கடலை இருந்ததா என்று கேட்டாள். முதல் நாள் கதை காந்திபுரத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் நாள் அவிநாசி வந்தது. மூன்றாம் நாள் பெருந்துறையில் டயர் வெடித்தது. அப்போதிலிருந்து கதைக்கு ஒரு வேகமே இல்லை. "டயரைக் கழட்டறப்ப நீ எங்கம்மா நின்ன?" என்றாள் வேனில். ஒரு புளியமரத்தடியில் நின்றதாகக் கோகிலா சொன்னாள். கண்டக்டருக்கு மூக்கின்மேல் ஒரு மச்சம் வந்தது. ஒரு ஆட்டுக்கிடை குறுக்கே போனது. கைச்சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போக, பஸ் அங்கேயே நின்றது. கேட்கிறவளுக்கு அவசரமில்லை, சொல்கிறவளுக்கும் சேலம் போய்ச் சேர மனமில்லை.

ஆட்டுக்கிடையில் எத்தனை கறுப்பு ஆடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கோகிலா கவனித்தாள். வேனில் இரண்டு முழங்காலையும் இறுக்கிச் சேர்த்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை.

"என்ன கண்ணு பண்ணுது?"

"ஒண்ணுக்கு வருதும்மா."

"எப்பருந்து?"

"டயர் வெடிச்சதிலிருந்து. பரவால்ல, நீ சொல்லு. அப்பறம் எத்தனை ஆடு?"

கோகிலா அவளை அள்ளிக்கொண்டு ஓடினாள். பாத்ரூம் வாசல் வரைதான் போக முடிந்தது. தரையைத் துடைக்கும்போது அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஊர்க்காரர்களுக்காவது தெரியாது. இவளுக்குத் தெரியும். தெரிந்தே மூன்று நாள் பிள்ளையின் தலையில் ஆட்டை மேய்த்திருக்கிறாள். நனைந்த துணியோடே தரணியிடம் போய் நின்று, "கத்தியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு" என்றாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் திட்டவில்லை. மறுநாள் காலை இருவரும் சேர்ந்து நின்று மாத்திரையைப் பாதியாக்கினார்கள்.

லிஃப்டிலிருந்த அறிவிப்பையும் தரணியே கிழித்தான். குப்புராஜுக்கு அதில் வருத்தம்தான்.

ஒரு வாரத்தில் பெஞ்சு மெல்ல விழித்துக்கொண்டது. பன்னிரண்டு, முப்பது, ஐம்பத்தெட்டு. தலைமையாசிரியை ஃபோன் செய்தார். கோகிலா தன் புகார்ப் பிரிவுக் குரலில், அவர் சொன்ன அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "டாக்டர் கடுதாசி இருக்குங்க மேடம். எம்பொண்ணு எந்திரிப்பாளுங்க. நீங்கதான் பழகிக்கோணும்" என்றாள். வேனில் அப்பாவின் காபியை முதல் மூன்று மடக்கு வரை காவல் காத்தாள். பிறகு இரண்டு மடக்கு. பிறகு ஒரு நாள் ஃபேனை அணைக்க மறந்துபோனாள். தரணி அன்றைக்குச் சக்கரையை இரண்டு கரண்டி போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் கூடத்தில் இருந்தார்கள். தரணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். வேனில்தான் ஆரம்பித்தாள். "அம்மா, உன்னோட பஸ் என்னாச்சு?"

கோகிலாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பிள்ளை பாதி மாத்திரையிலேயே கேட்கிறாளே என்று நினைத்து, புளியமரத்தடியிலிருந்து விட்ட இடத்தில் தொடங்கினாள். கண்டக்டர் ஜாக்கி எடுக்கப் போனார். ஜாக்கியில் துரு. டிரைவர் அவரைத் திட்டினார்...

வேனிலின் வலதுகால் ஆட ஆரம்பித்தது. பார்வை ஜன்னலுக்குப் போய் வந்தது. பூண்டுத் தோலை எடுத்து ஊதினாள். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"அம்மா, இன்னும் நெறைய இருக்கா?"

"இருக்கே. இப்பத்தான டயரையே கழட்டறாங்க."

"ஸஹானா கீழ நிக்கிறாம்மா." ஒரு காலைச் செருப்புக்குள் விட்டுவிட்டாள். "சீக்கிரம் சொல்லிரு. நீ ஜெயிச்சியா, தோத்தியா?"

இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. பாதியில் தூங்கினார்கள், பாவம் என்றார்கள், பஸ் கம்பெனியைத் திட்டினார்கள். கோகிலா வாயைத் திறந்தாள். பஞ்சர் ஒட்ட நேரமில்லை. பிள்ளை கதவைத் திறந்துவிட்டது.

"தோத்துட்டேன்" என்றாள்.

"சரி" என்றாள் வேனில். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போயிற்று.

தரணி பூண்டிலிருந்து தலை நிமிர்ந்தான். "பஸ்ஸு பஞ்சராயிருச்சுன்ன?"

"ஆகலைங்க."

"அப்ப?"

"பஸ்ஸு நேரத்துக்கே போயிருச்சுங்க. ஒரு மணி நேரம் முன்னாலயே போயிருச்சு. களத்துல எறங்கி ஓடினேன். முப்பத்தஞ்சு செகண்டுல புடிச்சுட்டாங்க. எங்க டீம்ல மொதல்ல அவுட்டானது நாந்தான்."

தரணி பூண்டைக் கீழே வைத்தான். "முப்பத்தஞ்சு செகண்டைச் சொல்றதுக்கா பதினாறு வருஷம் ஒரு பஸ்ஸைப் பெருந்துறையில நிறுத்தி வெச்சிருந்த?"

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது. பாதியில் விட்டுவிட்டு ஓடிய பிள்ளைமேல் கோபம் இருந்தது. ஓடுகிறாளே என்று ஆனந்தமும் இருந்தது. தோற்றதை வாய்விட்டுச் சொன்னால் என்னவோ ஆகிவிடும் என்று அத்தனை வருஷம் பயந்திருந்தாள். ஒரு 'சரி'யோடு முடிந்துவிட்டது. அந்தச் 'சரி'யில் பரிதாபம் இல்லை, ஆறுதல் இல்லை, மேற்கொண்டு கேட்கும் ஆசைகூட இல்லை. அதுதான் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்தது.

எழுந்து பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே வேனில் அதற்குள் சைக்கிளை ஸஹானாவிடமே விட்டுவிட்டு வேறெதற்கோ ஓடிக்கொண்டிருந்தாள்.